வால்டா என்ற கல் பசு ஊர் திரும்பிய விவரம்

வால்டா என்ற கல் பசு வியன்னா அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பிப்போனது செப்டம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பதால் தடுக்க ஆளில்லை. மறுநாள் காலை கதவைத் திறந்த காவலாளி, காலியாகக் கிடந்த மேடையையும் பளிங்குத் தரையில் வாசல்வரை போயிருந்த குளம்புத் தடங்களையும் பார்த்துவிட்டு முதலில் தரை துடைக்கும் அம்மாளைக் கூப்பிட்டார். பிறகுதான் இயக்குநரைக் கூப்பிட்டார். இயக்குநர் டாக்டர் ஹொல்லென்ஷ்டைன் அம்மையார், பசுவைச் செதுக்கிய சிற்பிக்கு ஃபோன் செய்தார். சிற்பி ஸெவெரின் ப்ளாங்கர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "கிளம்பிட்டாளா?" என்றார். தன் குரலில் இருந்த நிம்மதி அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

ஸெவெரின் டிரோல் மலைநாட்டில் க்ரீஸ்டால் என்ற ஊரில், தேவாலயத்துக்கு மேலே கடைசி வீட்டில் பிறந்தவர். அக்கா நோட்பூர்கா, ஊருக்கு அவள் பூர்கி. அப்பா போன பிறகு மாடுகள் பூர்கியிடம் வந்தன, ஸெவெரினிடம் உளி வந்தது. மாடு மேய்க்க அனுப்பினால் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற பையனை வேறு என்ன செய்வது என்று செதுக்குப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவர் நன்றாகவே தேர்ந்தார். ஒரே ஒரு குறை, அவர் செதுக்கிய புனிதர்கள் எல்லோருக்கும் மாட்டு முகம் அமைந்தது. புனித அன்னாளின் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பங்குச் சாமியார், "தம்பி, குறை சொல்றேன்னு நினைக்காத. ஆனா அம்மா அசைபோடுற மாதிரி இருக்காங்களே" என்றார். கோயில் வேலை அத்தோடு நின்றது. ஸெவெரினும் யோசித்துப் பார்த்தார். வந்து வந்து விழுகிற முகத்தை எத்தனை நாள் துரத்துவது, பேசாமல் மாட்டையே செய்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்.

அந்த வருடம் பனிச்சரிவு ஒன்று, மாட்டுக்கொட்டகை அளவுப் பாறையை மலைப்பட்டியில் கொண்டுவந்து போட்டிருந்தது. மலைப்பட்டி என்பது கோடையில் ஊர் மாடுகளை எல்லாம் ஏற்றிவிடும் மேல்புல்வெளி. ஜூனில் ஏறினால் செப்டம்பர்வரை பூர்கி அங்கேதான், பால் கறந்து சீஸ் காய்ச்சிக்கொண்டு. அவள் காய்ச்சினாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பாறையைக் கொத்தினார். சாயங்காலம் அவள் வாளியோடு வந்து நின்று பார்ப்பாள். "மடி சின்னதா இருக்குடா." அவர் மடியைத் திருத்துவார். "இடுப்பெலும்பு இப்படியா இருக்கும்? நீ மாட்டு வீட்டுலதான பொறந்த?" இடுப்பையும் திருத்துவார். கோடை முடியும்போது பாறைக்குள்ளிருந்து ஒரு பசு வெளியே வந்திருந்தது. பூர்கி அதற்கு வால்டா என்று பெயர் வைத்து, இறந்துபோன ஒரு கிழப்பசுவின் மணியைக் கழுத்தில் கட்டிவிட்டாள். மணி சும்மா கிடப்பது அவளுக்குப் பிடிக்காது, வேறு காரணம் எதுவும் இல்லை.

கோடை முடிந்து மாடுகளை மலையிலிருந்து கீழே இறக்கும் நாளில் க்ரீஸ்டாலில் ஒரு வழக்கம் உண்டு. கோடை முழுக்க ஒரு மாட்டுக்கும் ஒரு மனிதருக்கும் தீங்கு வரவில்லை என்றால், தேவதாரு இலையும் காகித ரோஜாவும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கட்டிய பூமுடியை மாடுகளின் தலையில் ஏற்றி, பேண்டு முழங்க இறக்குவார்கள். ஒரே ஒரு உருப்படி குறைந்தாலும் பூமுடி கிடையாது. மொட்டைத் தலையோடு மந்தை இறங்கும், பேண்டுக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அந்த வருடம் எந்தக் குறையும் இல்லை. பூமுடியோடு இறங்கிய மாடுகளைத் தொழுவத்தில் எண்ணியபோது ஒன்று கூடுதலாக இருந்தது. வரிசையின் கடைசியில், வாசல்படிக்கு வெளியே, வால்டா நின்றுகொண்டிருந்தாள். குளம்பில் மலைப்பட்டிச் சேறு. அவள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. வந்து சேர்ந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஊராட்சித் தலைவர் கெப்ஹார்ட் வந்தார். சின்ன ஊரில் ஆளுக்கு நாலு வேலை; அவரே தபால் பேருந்து ஓட்டுநர், அவரே பேண்டில் ட்ராம்போன். வால்டாவைச் சுற்றி வந்து அவர் கேட்ட ஒரே கேள்வி, "காதுவில்லை எங்க?" என்பதுதான். காதில் மஞ்சள் வில்லை இல்லாத மாடு சாலையில் நடப்பது சட்டப்படி தப்பு. கால்நடை டாக்டர் வந்து, துளைபோடும் இயந்திரத்தை ஸெவெரினிடமே இரவல் வாங்கி, இரண்டு காதிலும் வில்லை மாட்டிவிட்டுப் போனார். மானியத்துக்குத் தலை எண்ண வந்த அதிகாரி கால்களை எண்ணினார், நாலு இருந்தது, கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் வால்டா மேலே போனாள், செப்டம்பரில் கீழே வந்தாள். யாராவது பார்த்தால் நின்றுவிடுவாள், பார்வை விலகினால் நடப்பாள். அதனால் கடைசி மாடு தெருவைக் கடந்ததும் ஊரே ஒரே நேரத்தில் பியர் குவளையைத் தூக்கி, முகம் மறைய அண்ணாந்து குடிக்கும் பழக்கம் வந்தது. அந்த ஒரு நாளில் க்ரீஸ்டால் குடிக்கிற பியரைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏதேதோ சொல்வார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாது.

எல்லோரும் குடிக்கும்போது ஸெவெரின் மட்டும் குடிக்கவில்லை. தான் செய்த பசு நடப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. கண்ணால் முடியாது என்று தெரிந்ததும் கேமரா வாங்கினார். அவர் புகைப்படக்காரர் ஆனது இப்படித்தான். பின்னாளில் பேட்டிகளில் வேறு காரணம் எல்லாம் சொன்னார், அதை விட்டுவிடலாம். வைக்கோலுக்குள் ஒளிந்தார், பாறை இடுக்கில் ஒளிந்தார், ஒருமுறை கொழுத்த பசு ஒன்றின் வயிற்றுக்கு அடியில் கேமராவோடு நகர்ந்து வந்து உதை வாங்கினார். ஆளில்லாமல் தானே படம் எடுக்கும்படி கேமராவை மரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார். அப்போதும் படத்தில் வால்டா அசையாமல்தான் நின்றாள். "அந்தப் பெட்டிக்குள்ளயும் உன் கண்ணுதானடா இருக்கு. பாவம், அவளுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றாள் பூர்கி.

அசையாத பசுவை இத்தனை ஆயிரம் விதமாக அசையவிடாமல் எடுத்தவர் ஆஸ்திரியாவில் வேறு யாரும் இல்லை. இன்ஸ்ப்ருக்கில் முதல் கண்காட்சி, பிறகு கிராட்ஸ், பிறகு வியன்னா. நிசப்தத்தின் கலைஞன் என்று பத்திரிகைகள் எழுதின. தன் தோல்விகள் எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்குவதை ஸெவெரின் ஒயின் கோப்பையோடு சுற்றிப் பார்த்தார். நல்லவேளை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆசை அதோடு நிற்கவில்லை. ஒரு செப்டம்பரில், ஊர் முழுக்கக் குவளைக்குள் முகத்தை விட்டிருந்த நேரம், அவர் உரக்குவியலின் பின்னாலிருந்து பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்துக்கொண்டு பாய்ந்தார். வால்டா சாலை வளைவின் நட்டநடுவில் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். ஆசை முற்றிய கண் நடுநடையில் மேலே பட்டுவிட்டால் அந்த வருடத்துக்கு அவள் நகரமாட்டாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் வண்டி அவளைச் சுற்றிப் போனது. தபால் பேருந்து ஒவ்வொரு தடவையும் பின்வாங்கித் திரும்ப வேண்டியிருந்தது. கெப்ஹார்ட் ஒவ்வொரு தடவையும் ஸெவெரின் வீட்டு ஜன்னலைப் பார்த்து ஹாரன் அடித்தார். பூர்கி தினமும் போய் வால்டாவின் முதுகில் படிந்த பனியைத் தட்டிவிட்டு வந்தாள். அடுத்த செப்டம்பரில்தான் வால்டா தொழுவம் வந்து சேர்ந்தாள்.

பிறகு வியன்னாவிலிருந்து ஆள் வந்தது. ஸெவெரினுக்குப் புரொஃபஸர் பட்டம் தருவதாக முடிவாகியிருந்தது. ஆஸ்திரியாவில் அதற்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை, பெயர் வாங்கினால் போதும். அருங்காட்சியகம் நடுக்கூடத்தில் வால்டாவை நிறுத்த விரும்பியது, கீழே அவர் பெயரைப் பித்தளையில் பொறித்து. ஸெவெரின் சம்மதித்தார். பெயருக்கு ஆசைப்பட்டார் என்று ஊர் சொன்னது. அது பாதிதான் உண்மை. தான் செய்த பசு தன் அக்காவின் மணிச்சத்தத்துக்கு மட்டும் மலையிலிருந்து இறங்கி வருகிறதே, தனக்காக ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லையே என்ற பொருமல் மீதிப் பாதி. பாரம்தூக்கி வண்டி மே மாதத்தில் வந்தது. பூர்கி அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தாள். நாளை அப்படிப் பார்த்துக் குறித்துக்கொடுத்தது ஸெவெரின்தான்.

வீங்கிய கன்னத்தோடு திரும்பிய பூர்கி, வைக்கோலில் பசு நின்ற பள்ளத்தைப் பார்த்தாள். "எங்கடா?"

"அக்கா, அது ஒரு சிலைக்கா. நான் செஞ்ச சிலை."

"காதுவில்லை போட்டிருக்கில்ல? மந்தையில சேர்த்த உருப்படி. மந்தையிலேர்ந்து ஒண்ண எங்கிட்ட கேக்காம ஓட்டி விட்டிருக்க. இதுக்கு உங்க ஊர்ல என்னங்க பேரு, புரொஃபஸரே?"

அதன்பின் அவள் அவரிடம் பேசவில்லை. பேச்சை நிறுத்தியதோடு பூமுடியையும் நிறுத்தினாள். மேலே போகவேண்டிய உருப்படி ஒன்று குறைகிறது, அது திரும்புகிறவரை மந்தைக்கு அலங்காரம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். சொன்னது மலைப்பட்டி நடத்துகிறவள். தலைவரே ஆனாலும் மறுக்க முடியாது. வருடா வருடம் மொட்டைத் தலைகளோடு மாடுகள் இறங்கின. பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், யார் செத்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். பேண்டு கோஷ்டிக்குச் சோகப்பாட்டு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதையே திரும்பத் திரும்ப வாசித்ததில் ட்ராம்போன் பகுதி கெப்ஹார்டுக்குக் கனவிலும் வந்தது.

ஸெவெரின் வியன்னாவில் புரொஃபஸராக இருந்தார். காபிக் கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பல் டாக்டரும் அப்படித்தான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகம் போய் வால்டாவின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்த பசு, தினமும் காலையில் மேற்கே பார்த்துத் திரும்பியிருக்கும். காவலாளிகள் நெம்புகோல் போட்டு மறுபடி வாசல் பக்கம் திருப்புவார்கள். பார்வையாளரோடு உறவாடும் படைப்பு என்று டாக்டர் ஹொல்லென்ஷ்டைன் பெருமைப்பட்டார். தன்னை விட்டுப் பத்தடி தூரத்தில் தன் பசு ஊர்ப் பக்கம் பார்த்து நிற்பதை ஸெவெரின் எத்தனையோ ஞாயிறுகள் பார்த்தார். ஒருநாள் காவலாளியிடம், "இனிமே திருப்பாதீங்க, இருக்கட்டும்" என்றார். மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

வீடு திரும்புவதென்றால் வால்டா மாடு இறக்கும் பருவத்தில் மட்டும் நடப்பாள். மற்ற நாளெல்லாம் எங்கே நின்றாளோ அங்கேயே நிற்பாள். அதனால் பயணம் வருடக்கணக்கில் போனது. முதல் வருடம் மெல்க் பக்கத்தில் லாரிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு லாரி அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநர்கள் அவள் கொம்பில் சட்டை உலர்த்தினார்கள். அடுத்த வருடம் லின்ட்ஸ் அருகே ஒரு கன்னியர் மடத்தின் முற்றத்தில் தங்கினாள். அங்கே ஈஸ்டருக்கு அவளுக்கும் ஒரு முட்டை வைத்தார்கள். ஸால்ஸ்பர்க்கிலிருந்து டிரோலுக்கு ஜெர்மனியின் மூலை வழியாகப் போனால் குறுக்குவழி. ஆனால் எல்லை தாண்ட மாட்டுக்குத் தனிக் காகிதம் வேண்டும், அது அவளிடம் இல்லை. எனவே உள்நாட்டு மலைப்பாதை வழியாகச் சுற்றினாள். அதில் இன்னும் கொஞ்ச காலம் போயிற்று.

நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒட்டவேண்டிய வரி ஸ்டிக்கர் இல்லாமல் போனதற்காக, காதுவில்லைப் பதிவில் இருந்த ப்ளாங்கர் என்ற பெயரைப் பிடித்து, வியன்னாவில் இருந்த ஸெவெரினுக்கு அபராதச் சீட்டோடு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். சாலைக்கு மேல் மாட்டியிருந்த அரசாங்கக் கேமரா எடுத்தது. மழை. வலது ஓரம். முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து தூக்கியிருக்க, மணி ஒரு பக்கமாக வீசியிருக்க, வால்டா நடந்துகொண்டிருந்தாள். ஆயுள் முழுக்க அவர் எடுக்க நினைத்த படம் அதுதான். எதையும் பார்க்க ஆசைப்படாத ஒரு பெட்டி, வெறுமனே ஸ்டிக்கரைத் தேடிக்கொண்டு, அதை எடுத்துவிட்டது. ஸெவெரின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். வியன்னாவில் அவருக்கு இனி வேலை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஊருக்கு அவரைத் தபால் பேருந்தில் ஏற்றிவந்த கெப்ஹார்ட் வழியெல்லாம் பேசினார். பூர்கியின் வலது முழங்கால் போய்விட்டது, இந்தக் கோடைதான் அவளுக்குக் கடைசி, அடுத்த வருடம் கெப்ஹார்டின் மகள் மேலே போகப்போகிறாள். "கடைசித் தடவையும் மொட்டை மந்தையோடதான் இறங்குவா போல. நாப்பது வருஷம் மலையேறினவ, ஸெவெரின். சாவு வீட்டுக்குப் போற மாதிரி இறங்கப்போறா. நான் அந்தப் பாட்டை இன்னொரு தடவ வாசிச்சேன்னா ட்ராம்போனை ஆத்துல போட்டுடுவேன்." கிளம்பும்போது ஸெவெரினுக்கு இருந்த சிரிப்பு, பாதி வழியிலேயே இறங்கிப் போயிருந்தது.

மாடு இறக்கும் நாளன்று காலை, வால்டா க்ரீஸ்டாலுக்குக் கீழே கால்பந்து மைதானத்தின் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு கொம்பிலும் எந்தெந்த ஊரிலோ கட்டிய ரிப்பன்கள். தகவல் நிமிடத்தில் பரவி, ஊரும் வெளியூர் விருந்தினரும் குழந்தைகளும் பேருந்து பேருந்தாக வந்தவர்களும் மைதானத்தைச் சூழ்ந்துகொண்டு ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவ்வளவு பேர் பார்த்தால் அவள் எப்படி நடப்பாள்? மந்தை மேலே கடைசி வளைவில் தயாராக நின்றது. ஆள் அனுப்பிக் கேட்டதற்குப் பூர்கி, "பந்து மைதானம் வரைக்கும் வந்தது வந்ததா ஆயிடுமா? மந்தைக்கு வந்தாத்தான் வந்தது. மத்தியான மணி அடிச்சதும் நான் இறங்குறேன்" என்று சொல்லியனுப்பினாள்.

கெப்ஹார்ட் தீயணைப்பு வண்டியின் மேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "எல்லாரும் திரும்புங்க! முதுகைக் காட்டுங்க! ஃபோனைப் பையில போடுங்க! ஹாம்பர்க்லேர்ந்து வந்த அம்மா, உங்களையும்தான்!" வெளியூர்க்காரர்கள் இது பழைய சடங்கு போல என்று சந்தோஷமாகத் திரும்பினார்கள். ஊர்க்காரர்கள் திரும்பினார்கள். சாமியார் திரும்பினார், கையில் பிடித்திருந்த சிலுவையையும் யோசித்துவிட்டுத் திருப்பிக்கொண்டார். மைதானத்திலிருந்து மேல்வளைவுவரை தெருவின் இரண்டு பக்கமும் வெறும் முதுகுகள். பகல் வெளிச்சத்தில் ஒரு ஊர் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது.

மணிச்சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் போனது. யாரோ தும்மினார்கள். மணிச்சத்தம் இல்லை. "யாரோ பாக்குறாங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஸெவெரின் பேக்கரி வாசலில் நின்றிருந்தார். கேமரா கழுத்தில். சுற்றிலும் ஒரு கண்கூட இல்லாத தெரு. மேகம் மறைக்காத வெயில். முப்பது முப்பத்தைந்து வருடமாகத் தேடிய இடம், தேடிய நேரம். ஒரு சின்ன இடைவெளி, விரலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்று நினைத்தார். நினைக்கும்போதே மேல்வளைவில் மந்தையின் முன்னால் கோலை ஊன்றி, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அக்காவின் முதுகு தெரிந்தது. அவளும் திரும்பித்தான் நின்றாள். அவள் பக்கத்துக் கைவண்டியில் அட்டைப் பெட்டிகள். தூரத்திலிருந்தும் அவருக்கு அவை என்னவென்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தானே தூங்கியிருக்கிறார். மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குளிர்காலமும் அவள் காகித ரோஜா கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஸெவெரின் கேமராவைக் கழுத்தோடு சுழற்றி முதுகுப் பக்கம் தள்ளினார். பேக்கரிச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். போதாதென்று கண்ணையும் மூடிக்கொண்டார்.

மணி ஒலித்தது.

கல் குளம்பு தார்ச்சாலையில் விழும் சத்தம் மைதானத்திலிருந்து மெதுவாக ஏறி வந்தது. தேவாலயத்தைக் கடந்தது, தபால் பெட்டியைக் கடந்தது. பேக்கரி அருகில் வந்ததும் கொஞ்சம் நின்றது. ஸெவெரினின் பிடரியில் சூடான, ஈரமான காற்று ஒருமுறை பட்டது, மலைப்பட்டிப் புல் வாசனையோடு. அவர் திரும்பவில்லை. சத்தம் மறுபடி நகர்ந்து மேலே போனது. மேல்வளைவில் மணியோடு மணி கலந்து எது எந்த மணி என்று தெரியாமல் போனபோது, மத்தியான மணியும் அடித்தது. ஊரே பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டது. கெப்ஹார்ட் வண்டிமேலே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேண்டுக்காரர்கள் துள்ளல் பாட்டை ஆரம்பித்தார்கள். வருடக்கணக்கில் வாசிக்காததால் பாதி சுரம் தப்பு, யாரும் கண்டுகொள்ளவில்லை.

பூமுடிகளோடு மந்தை இறங்கியது. கடைசியில் வால்டா, பேக்கரி வளைவுவரை வந்து, எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டதால் அங்கேயே நின்றாள், தலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய பூமுடியோடு. ஸெவெரின் மட்டும் இன்னும் சுவரைப் பார்த்து நின்றார். பூர்கி நொண்டிக்கொண்டே வந்து, பின்னாலிருந்து அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

"ஏன்டா, முதுகைக் காட்டுறதுக்கு உனக்கு இவ்வளவு வருஷமா?"

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். வா, சூப் ஆறுது. சூப்புல ரொட்டி உருண்டை ரெண்டா மூணா?"

"மூணு."

"புரொஃபஸருக்கு மூணாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முழங்காலுக்காகத்தான் பிடித்தாள் என்று பிற்பாடு சாதித்தாள்.

முதுகில் கிடந்த கேமரா அந்த அறை விழுந்ததில் தானாக ஒரு படம் எடுத்திருந்தது. கழுவிப் பார்த்தபோது படம் முழுக்க ஒரு உள்ளங்கை. காய்ப்பும் வெடிப்பும், ஒட்டியிருந்த ஒரு துண்டு சிவப்புக் காகிதமும். வியன்னா அதைக் கேட்டது. ஸெவெரின் தரவில்லை, தொழுவத்தில் வால்டாவின் இடத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். டாக்டர் ஹொல்லென்ஷ்டைன் நேரில் வந்து பசுவையும் படத்தையும் பார்த்தார், பூர்கி வைத்த சூப்பைக் குடித்தார், வாங்கிய பொருளைத் திருப்பிக் கேட்காமலே போனார். நடுக்கூடத்தில் இன்றும் அந்த மேடை காலியாகத்தான் இருக்கிறது. மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்று பித்தளையில் பொறித்து வைத்திருக்கிறார்கள், கூட்டம் குறையவில்லை.

அடுத்த வசந்தத்தில் கால்நடை டாக்டர் வழக்கம்போல வந்து மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வால்டாவின் முறை வந்தபோது நாலு குளம்பையும் தட்டிப் பார்த்தார். முன்னங்குளம்பு இரண்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வியன்னா சாலை அப்படி, இந்தக் கோடை அதிக தூரம் விடவேண்டாம் என்றார். பூர்கி தலையாட்டினாள். டாக்டர் கை கழுவிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனார்.